3 லிட்டர் ஆயிலை நம்பி ஓடும் இன்ஜின்: செகண்ட் ஹேண்ட் 1.3 மல்டிஜெட் டீசலுக்கான வேலைப் பதிவு

2003இல் ஃபியட்டும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து கொண்டுவந்த 1.3 மல்டிஜெட் டீசல் இன்ஜினுக்குப் பெயர்கள் பல. புன்டோவிலும் லினியாவிலும் மல்டிஜெட், ஓப்பல் கோர்சாவில் சிடிடிஐ, சுஸூகி ஸ்விஃப்ட்டில் டிடிஐஎஸ், டாடா விஸ்டாவில் குவாட்ராஜெட். பானட்டைத் திறந்தால் எல்லாம் அதே 1,248 சிசி, 4 சிலிண்டர், 16 வால்வு, கிராங்க் ஷாஃப்ட்டின் சுழற்சியைக் கேம் ஷாஃப்ட்டுக்குக் கொண்டுபோகும் டைமிங் செயின். நேரத்துக்கு ஆயில் மாற்றிய வண்டியில் இது லட்சக்கணக்கான கிலோமீட்டர் அமைதியாக ஓடும். கவனிப்பில்லாமல் கைமாறிய வண்டியில் செயின் தளர்ந்து, ராக்கர் (வால்வை அழுத்தித் திறக்கும் கை) உடைந்து, டர்போ ஊளையிட்டு நிற்கும்.

இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பில் பிடிப்பது ஃபில்டரோடு சேர்த்து ஏறத்தாழ 3 லிட்டர், மாடலைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின். ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவே சுமார் 1 லிட்டர். கீழ் கோட்டில் ஓடும் வண்டி மூன்றில் ஒரு பங்கு ஆயிலை ஏற்கெனவே இழந்துவிட்டது. மிஞ்சிய 2 லிட்டர்தான் செயினை நனைக்க வேண்டும், செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத் தள்ள வேண்டும், வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் ஹைட்ராலிக் டாப்பெட்டை நிரப்ப வேண்டும், டர்போ ஷாஃப்ட்டைத் தாங்க வேண்டும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கினால், பம்புக்கு ஆயிலை இழுக்கும் பிக்கப் பைப் காற்றை உறிஞ்சும். காற்று கலந்த ஆயில் டென்ஷனருக்குள் போனால் அது பஞ்சு போல அமுங்கும், செயின் ஆடும்.

செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோமே தவிர, அதன் தகடுகள் இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் இணைப்பு ஊசியும் அதைச் சுற்றிய புஷ்ஷும் உரசித் தேய்கின்றன. கண்ணிக்கு 0.02 மி.மீ. தேய்ந்தால் 100 கண்ணிக்கு 2 மி.மீ. தேய்ப்பது டீசல் எரியும்போது வரும் கரித்துகள். ஆயிலில் கரி ஏற ஏற அது அரைக்கும் பொடியாகிறது. ஐரோப்பிய மாடல்கள் சிலவற்றுக்கு 30,000 கி.மீ. வரை ஆயில் இடைவெளி சொல்லப்பட்டது. 3 லிட்டர் ஆயில் அவ்வளவு தூரத்துக் கரியைச் சுமக்கும் என்று நம்பி ஓட்டிய வண்டிகளில்தான் செயின் சத்தம் அதிகம் கேட்கிறது.

இனி வேலை. வண்டி கைக்கு வந்த நாளை 0 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

0 கி.மீ.: ஆயிலைக் கொட்டும் முன்

பழைய ஆயில்தான் இன்ஜினின் கடந்த காலத்தைச் சொல்லும். உடனே கொட்டிவிடக் கூடாது.

இரவெல்லாம் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் பானட்டைத் திறந்து வைத்து, ஃபேன் பெல்ட் இருக்கும் பக்கம் நிற்க வேண்டும். செயின் இருப்பது அந்தப் பக்கம்தான். 1 நொடி லேசான கிலுகிலு சத்தம் டென்ஷனர் நிரம்பும் சத்தம். 3 நொடிக்கு மேல் கடகடவென்று நீடித்தாலோ, சூடான பிறகும் ஐடிலில் கேட்டாலோ அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்ட வேண்டாம். புது ஆயில் ஊற்றினால் சத்தம் போய்விடும் என்று சொல்வார்கள். ஒருவேளை குறையும், தேய்ந்த செயின் தேய்ந்தபடியே இருக்கும். காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் பி0016 என்ற பிழைக் குறியீடு இருந்தால் கேம் ஷாஃப்ட்டும் கிராங்க் ஷாஃப்ட்டும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். சத்தத்தோடு இந்தக் குறியீடும் சேர்ந்து வந்தால் ஆயில் வேலையை ஒதுக்கிவிட்டு முதலில் செயின் கவரைத் திறக்க வேண்டும். இந்த இன்ஜினில் செயின் பல் தாண்டினால் பெரும்பாலும் ராக்கர்தான் முதலில் முறிகிறது. அதனால் வால்வும் பிஸ்டனும் தப்பிப்பது உண்டு, ஆனால் அதை நம்பி ஓட்டக் கூடாது.

அடுத்து டிப்ஸ்டிக். சமதளத்தில், இன்ஜினை அணைத்து 10 நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். கீழ் கோட்டுக்கும் கீழே இருந்தால் குடிக்கிறது அல்லது ஒழுகுகிறது. மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் அது இன்னும் மோசம். டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள வண்டியில் கரியை எரிக்க இன்ஜின் கூடுதல் டீசலைத் தெளிக்கும். குறுகிய தூர ஓட்டத்தில் அந்தச் சுத்திகரிப்பு பாதியில் நின்று, எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே சம்ப்பில் இறங்கும். டிப்ஸ்டிக் நுனியை இரண்டு விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்தால் டீசல் வாடை தெரியும், ஆயிலும் தண்ணீராக வழுக்கும். அளவு ஏறிக்கொண்டே போனால் ஆயில், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீத்தர் குழாய் வழியே காற்று நுழையும் இன்டேக்கில் புகுந்து, இன்ஜின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு சாவியை அணைத்தாலும் நிற்காமல் அலறும். மேல் கோட்டுக்கு மேலே கண்டால் வண்டியை நகர்த்தாமல் அங்கேயே ஆயில் மாற்றுவதுதான் பாதுகாப்பு.

ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே தேன் நிறத்தில் மெல்லிய பூச்சு இருந்தால் பயமில்லை. விரலால் வழித்தால் வரும் கறுப்புக் களிம்பு இருந்தால் சம்ப்பைக் கழற்றுவது கட்டாயம். ஐடிலில் மூடியைத் தளர்த்தி வைத்தால் லேசான ஊதல் இருக்கும். மூடி துள்ளினால் பிரீத்தர் அடைத்திருக்கிறது அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது.

கூலன்ட் டாங்கையும் பார்த்துவிட வேண்டும். இந்த இன்ஜினில் ஆயில் கூலர் ஃபில்டர் ஹவுசிங்கோடு ஒட்டியிருக்கிறது. ஓடும்போது கூலன்ட்டைவிட ஆயிலுக்கு அழுத்தம் அதிகம். அதனால் கூலருக்குள் சீல் போனால் ஆயில்தான் கூலன்ட்டுக்குள் போகும். டிப்ஸ்டிக்கில் பால் நிறம் (ஆயிலில் கூலன்ட் கலந்ததன் அடையாளம்) இல்லை என்பதால் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. டாங்கின் ஓரத்தில் கறுப்பு எண்ணெய் வளையம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எந்த ஆயில்

பிராண்டைப் பற்றிய சண்டை பெரிது, பலன் சிறிது. டப்பாவின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருக்கும் தர எண்தான் முக்கியம். முதலில் தெரிய வேண்டியது ஒன்றே: வண்டியில் டிபிஎஃப் இருக்கிறதா இல்லையா.

டிபிஎஃப் இல்லாத பழைய மாடலுக்கு 5டபிள்யூ-40, ஏசிஇஏ (ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கத்தின் ஆயில் தரம்) ஏ3/பி4, முழு சிந்தெடிக். டிபிஎஃப் இருந்தால் ஏசிஇஏ சி வகைதான். காரணம் சாம்பல். ஏ3/பி4 ஆயிலில் சல்ஃபேட் சாம்பல் 1.0 முதல் 1.6% வரை இருக்கலாம். சி2, சி3 இரண்டிலும் 0.8%ஐத் தாண்டக் கூடாது. டிபிஎஃப்பில் சேரும் கரி எரிந்து போகும், ஆயிலின் சாம்பல் எரியாது. அது உள்ளேயே தங்கி இடத்தை அடைக்கும், சுத்திகரிப்பு அடிக்கடி நடக்கும், டீசல் சம்ப்பில் இறங்குவதும் கூடும்.

சி2வுக்கும் சி3க்கும் உள்ள வேறுபாடு தேய்ந்த இன்ஜினில் பெரிது. 150 டிகிரி வெப்பத்திலும் கடும் உரசலிலும் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதை எச்டிஎச்எஸ் என்ற அளவு சொல்கிறது. சி2வுக்குக் குறைந்தது 2.9, சி3க்கும் ஏ3/பி4க்கும் குறைந்தது 3.5. பேரிங்குக்கும் கேம்முக்கும் நடுவே நிற்கும் படலத்தின் தடிமன் இதைப் பொறுத்தது. ஓப்பல் மாடல்களுக்குச் சொல்லப்படும், ஜெனரல் மோட்டார்ஸின் ஆயில் தரமான டெக்சோஸ்2 வகையும் 3.5 பக்கம்தான். கையேடு சி2, சி3 இரண்டையும் அனுமதித்தால், லட்சம் கி.மீ. தாண்டிய இன்ஜினுக்குச் சி3ஐயே எடுக்க வேண்டும். சி2வில் மிச்சமாகும் எரிபொருள் சொற்பம், செயினும் பேரிங்கும் அப்படியல்ல. கையேடு சி2வை மட்டும் சொன்னால் அதை மீற வேண்டாம், இடைவெளியைக் குறைத்துக்கொள்ளலாம்.

5டபிள்யூ என்பதில் உள்ள 5 குளிரில் ஆயில் எவ்வளவு எளிதில் ஓடும் என்பதற்கான தரம். இன்ஜின் ஆறியிருக்கும் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் டென்ஷனரும் டர்போவும் காத்திருக்கும் நொடிகளை அது தீர்மானிக்கிறது. தகவல் தாள்களில் 40 டிகிரியில் 5டபிள்யூ-40 ஆயில் 80 முதல் 90 சென்டிஸ்டோக்ஸ் (ஆயிலின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) அளவிலும், 15டபிள்யூ-40 அதைவிட நன்றாகக் கூடுதலாகவும் இருப்பதைப் பார்க்கலாம். சத்தத்தை அடக்க 20டபிள்யூ-50 ஊற்றும் பழக்கம் இந்த இன்ஜினுக்குக் கேடு. கேஜில் அழுத்தம் கூடும், உண்மையில் மேலே போகும் ஆயிலின் அளவு குறையும். ஆறிய நிலையில் ஃபில்டரின் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில் நேராகப் பேரிங்குக்குப் போகும். 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஆயில்கள் வேறு தலைமுறை இன்ஜின்களுக்கானவை, இங்கே வேலையில்லை.

ஆயிலில் கலக்கும் பாட்டில் மருந்துகள் எதுவும் வேண்டாம். குறிப்பாக, இன்ஜினின் உள்ளே கழுவும் ஃப்ளஷ் திரவம். கறுப்புக் களிம்பு உள்ள இன்ஜினில் ஃப்ளஷ் ஊற்றினால் பாளம் பாளமாகக் கழன்ற கசடு நேராகப் பிக்கப் சல்லடைக்குப் போய் அடைக்கும். நல்ல ஆயிலில் உள்ள டிடெர்ஜென்ட்டே அந்த வேலையைப் பையப் பையச் செய்யும்.

வடித்தல், ஃபில்டர்

தேவையானவை: 4 லிட்டர் ஆயில் (ஊற்ற 3, கைவசம் 1), ஃபில்டர் எலிமென்ட் (உள்ளே இருக்கும் வடிகட்டித் தாள்), அதன் ஓரிங் (ரப்பர் வளையம்), ஆயில் வடிக்கும் ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், 5 லிட்டராவது பிடிக்கும் தட்டு, இரண்டு ஆக்சில் ஸ்டாண்டு. வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கடியில் தலையைக் கொடுக்கக் கூடாது.

10 கி.மீ. ஓட்டி, 10 நிமிடம் ஆறவிட்டு வடிக்க வேண்டும். சூடான ஆயில்தான் கரியையும் சுமந்துகொண்டு வெளியேறும். வண்டியை ட்ரெயின் போல்ட் பக்கம் தாழ்வாக இருக்குமாறு நிறுத்தி, ஆயில் ஊற்றும் மூடியையும் டிப்ஸ்டிக்கையும் தளர்த்தி, கடைசிச் சொட்டு நிற்கும்வரை 30 நிமிடம் விட வேண்டும். 3 லிட்டர் சம்ப்பில் 300 மி.லி. பழசு தங்கினாலே பத்தில் ஒரு பங்கு அழுக்கோடு ஆரம்பிக்கிறோம். வடிந்ததை அளக்க மறக்க வேண்டாம். 2 லிட்டர்தான் வந்தது என்றால் அந்தச் செயின் எப்படி ஓடியது என்பதற்கு அதுவே சாட்சி.

பழைய ஃபில்டர் எலிமென்ட்டைத் தூக்கி எறியாமல், மடிப்புத் தாளைக் கத்தியால் அறுத்து, பிழிந்து, வெள்ளைத் துணி மேல் விரித்துப் பாருங்கள். ஒவ்வொரு மடிப்பையும் விரலால் பிரித்தால் அடியில் தங்கியது தெரியும். மென்மையான கறுப்பு மசி டீசலுக்கு இயல்பு. காந்தத்தைத் தாளுக்குப் பின்னால் நகர்த்தும்போது கூடவே நகரும் பொடி இரும்பு: செயின், கேம், ரிங் இவற்றிலிருந்து வருவது. காந்தத்துக்கு அசையாமல் மின்னும் செதில் பேரிங்கின் மேல்பூச்சாக இருக்கலாம். நகத்தால் அழுத்தினால் உடையாமல் வளையும் பழுப்பு அல்லது கறுப்புத் துணுக்கு பிளாஸ்டிக், அதாவது செயினை வழிநடத்தும் பட்டையான செயின் கைடு. அது கிடைத்தால் சத்தம் வந்தாலும் வராவிட்டாலும் செயின் வேலை நிச்சயம்.

புது ஓரிங்கை ஆயிலில் நனைத்து, அதற்கான பள்ளத்தில் சரியாக உட்கார வைக்க வேண்டும். மூடியிலேயே இறுக்க அளவு பொறித்திருந்தால் அதுதான் கணக்கு. மிகையாக இறுக்கினால் மூடி வெடிக்கும், அடுத்த முறை கழலாது. மலிவு ஃபில்டரில் எலிமென்ட்டின் உயரம் ஒன்றிரண்டு மி.மீ. குறைந்தால் அடிப்பக்கம் சீல் ஆகாமல் ஆயில் வடிகட்டாமலே சுற்றும். பழசையும் புதுசையும் பக்கத்தில் நிறுத்தி அளந்து பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும்.

சம்ப்பும் சல்லடையும்

மூடிக்கடியில் களிம்பு கண்டிருந்தால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். பிக்கப் பைப்பின் வாயில் ஒரு கம்பிச் சல்லடை இருக்கிறது. அதில் கரிக்குருணை, பழைய சீலன்ட் நூல்கள், கைடின் பிளாஸ்டிக் எல்லாம் ஒட்டி, பாதிக் கண் அடைந்திருக்கும். ஐடிலில் ஆயில் கேட்பது குறைவு என்பதால் தெரியாது. நெடுஞ்சாலையில் 3,000 ஆர்பிஎம் தாண்டும்போதுதான் பம்ப் வறளும். ஆயில் நிறைய இருந்தும் பேரிங் போன இன்ஜின்கள் இப்படித்தான் போகின்றன. மற்ற இன்ஜின்களிலும் இதே கதை உண்டு. ஃபோக்ஸ்வாகன் பசாட்டின் 1.8 டர்போ பெட்ரோலில் சூட்டில் வெந்த ஆயில் கசடாகிச் சல்லடையை அடைத்தது. டொயோட்டாவின் 3.0 லிட்டர் 1கேடி டீசலில் இன்ஜெக்டரின் செப்பு வாஷர் கசிந்து, எரிந்த வாயுவின் கரி ஆயிலுக்குள் இறங்கி அதே இடத்தை அடைத்தது.

சம்ப் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகத் தளர்த்த வேண்டும். சீலன்ட்டால் ஒட்டியிருப்பதால் கையால் இழுத்தால் வராது. ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பினால் அலுமினிய முகம் கீறிவிடும். மெல்லிய தகட்டுக் கத்தியை ஓரத்தில் தட்டி நகர்த்தி அறுக்க வேண்டும். சல்லடையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். எல்லாக் கண்ணிலும் ஒளி வரும்வரை கழுவ வேண்டும். வரவில்லை என்றால் பைப்பையே மாற்றுங்கள். பைப்பின் மேல்முனையில் உள்ள ஓரிங் எப்படியும் புதுசுதான். அது காய்ந்து வெடித்திருந்தால் பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து இழுக்கும்.

இரண்டு முகங்களையும் எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் துடைத்து, ஆயிலைத் தாங்கும் சிலிக்கான் சீலன்ட்டை 3 மி.மீ. தடிமனில் ஒரே கோடாக, போல்ட் ஓட்டைகளுக்கு உட்புறமாக இழுக்க வேண்டும். அதிகம் வைத்தால் உள்பக்கம் பிதுங்கிய சீலன்ட் நாளை அறுந்து சல்லடைக்கே போகும். போல்ட் எம்6 என்றால் 9 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும். சீலன்ட் டியூபில் எழுதியிருக்கும் நேரம்வரை காய விட்ட பிறகே ஆயில்.

ஊற்றுவதும் முதல் ஸ்டார்ட்டும்

முதலில் 2.5 லிட்டர். 5 நிமிடம் பொறுத்து டிப்ஸ்டிக் பார்த்து, 100 மி.லி. 100 மி.லி.யாகக் கூட்ட வேண்டும். ஃபில்டர் நிரம்பும்போது அளவு இறங்கும் என்பதால் கடைசிக் கணக்கு ஸ்டார்ட் செய்து நிறுத்திய பிறகுதான். டிபிஎஃப் இல்லாத வண்டியில் மேல் கோட்டை ஒட்டியே வைக்கலாம். டிபிஎஃப் உள்ளதில் டீசல் இறங்க இடம் விட்டு, நடுவுக்கும் மேல் கோட்டுக்கும் இடையே நிறுத்த வேண்டும்.

சம்ப் திறந்த வண்டியின் பைப்பெல்லாம் காலி. எரிபொருள் போகாமல் தடுத்து, 5 நொடி வீதம் சிலமுறை ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றி, ஆயில் விளக்கு அணைந்த பிறகு ஸ்டார்ட் செய்ய வேண்டும். எரிபொருளைத் தடுக்கும் வழி மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள். ஓட ஆரம்பித்ததும் 1 நிமிடம் ஆக்சிலரேட்டரைத் தொடவே வேண்டாம். டர்போவுக்கு ஆயில் எட்டும் முன் ரேஸ் கொடுத்தால் அந்த ஒரு மிதியிலேயே ஷாஃப்ட் உரசிவிடும். இன்ஜினைக் கையால் சுற்ற வேண்டி வந்தால் ஓடும் திசையில் மட்டுமே. பின்னோக்கிச் சுற்றினால் செயினின் தளர்வு டென்ஷனர் இல்லாத பக்கம் போய் பல் தாண்டும்.

இதே நேரத்தில் ஆயில் அழுத்த சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் அழுத்தமானி பொருத்திவிடுவது நல்லது. டேஷ்போர்டு விளக்கை நம்ப முடியாது. அது பொதுவாக அழுத்தம் அரை பாருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) கீழே போனால்தான் எரியும், அதற்குள் சேதம் நடந்திருக்கும். கையேட்டு எண்தான் இறுதி. பொதுக் கணக்கு: நன்றாகச் சூடான பின் ஐடிலில் 1 பாருக்குக் குறையக் கூடாது, ஒவ்வொரு 1,000 ஆர்பிஎம்முக்கும் ஏறத்தாழ 0.7 பார் இருக்க வேண்டும். ஐடிலில் சரியாக இருந்து 3,000இல் ஊசி நடுங்கினாலோ இறங்கினாலோ சல்லடையையும் ஓரிங்கையும் சந்தேகிக்க வேண்டும். ஆறியபோது நல்ல அழுத்தம் காட்டி, சூடானதும் எல்லா வேகத்திலும் குறைவாகவே இருந்தால் பேரிங் அல்லது பம்ப் தேய்ந்திருக்கிறது.

500 கி.மீ., 2,500 கி.மீ.

500இல் ஆயிலும் ஃபில்டரும் மறுபடி. வீண் செலவு போலத் தெரியும், ஆனால் உள்ளே ஒட்டியிருந்த கசடு இப்போதுதான் கரைந்து வந்திருக்கும். ஃபில்டரை அறுத்து முதல் ஃபில்டரோடு ஒப்பிட வேண்டும். முதல் தடவை சம்ப் திறக்காதவர்கள், இரண்டாவது ஃபில்டரில் குருணை கூடியிருந்தால் இப்போதாவது திறந்தாக வேண்டும். அடுத்த மாற்றம் 2,500இல். ஆயில் அதற்குள் கறுப்பாகிவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம், டீசலில் 50 கி.மீ.யிலேயே கறுக்கும். நிறத்தைவிட வழவழப்பைப் பாருங்கள். விரல்களுக்கு நடுவே நறநறவென்றால்தான் பிரச்சினை.

அதன் பிறகு 7,500 கி.மீ. அல்லது 6 மாதம். குறுகிய தூரமே ஓடும் டிபிஎஃப் வண்டிக்கு 5,000. கையேடு எவ்வளவு நீட்டிச் சொன்னாலும் கைமாறி வந்த 1.3 இன்ஜினுக்கு 10,000தான் எல்லை.

செயின் மாற்றுவதானால்

செயினை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை. பழைய பல்சக்கரம் பழைய செயினின் இடைவெளிக்கேற்பத் தேய்ந்திருக்கும். புதுச் செயினை அது சில ஆயிரம் கி.மீ.யிலேயே கெடுக்கும். செயின், டென்ஷனர், இரண்டு கைடு, பல்சக்கரங்கள், முன் ஆயில் சீல் எல்லாம் ஒரே செட்டாக வர வேண்டும். கேம்மையும் கிராங்க்கையும் பூட்டும் ஊசிக் கருவிகள் இல்லாமல் பெயின்ட் குறி வைத்துச் செய்வதை ஏற்கவே முடியாது. கவரைத் திறந்தால் ஆயில் பம்பும் கைக்கெட்டும், அதன் முகத்தில் ஆழக் கீறல் இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம். கவரை மூடும் முன் டென்ஷனருக்கு ஆயில் வரும் ஓட்டையில் காற்றடித்து, அடைப்பில்லை என்று உறுதி செய்ய வேண்டும். புது டென்ஷனர் போட்ட பிறகும் சத்தம் போகாத வண்டிகளில் பெரும்பாலும் இந்த ஓட்டைதான் அடைந்திருக்கும்.

ஓடும் காலத்தில்

500 கி.மீ.க்கு ஒருமுறை டிப்ஸ்டிக், ஒவ்வொரு முறையும் அதே சமதளத்தில், அதே 10 நிமிடக் காத்திருப்போடு. தேதி, ஓடிய கி.மீ., அளவு, சேர்த்த மி.லி. நான்கையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். 1,000 கி.மீ.க்கு 100 மி.லி. குடித்தால் நிரப்பிக்கொண்டே ஓட்டலாம். அது 300 மி.லி. ஆனால் எங்கே போகிறது என்று தேட வேண்டும்: இன்டர்கூலர் குழாய்க்குள் குளம் கட்டியிருந்தால் டர்போ சீல் அல்லது பிரீத்தர், காலை ஸ்டார்ட்டில் மட்டும் நீலப்புகை என்றால் வால்வு சீல், ஏற்றத்தில் நீலப்புகை என்றால் ரிங். அளவு குறையாமல் கூடினால் அதே நோட்டில் சிவப்பு மையில் எழுதுங்கள். 500 கி.மீ.க்குள் மேல் கோட்டைத் தாண்டினால் ஆயிலை மாற்றிவிட்டு, சுத்திகரிப்பு ஏன் முடியாமல் நிற்கிறது என்று ஸ்கேனர் வைத்துப் பார்க்க வேண்டும். ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்கு அனுப்புவது), வெப்ப சென்சார், இன்ஜெக்டர், இந்த வரிசையில்.

வழியில் ஆயில் குறைந்து அதே தரம் கிடைக்கவில்லை என்றால், கிடைத்த எந்த நல்ல டீசல் இன்ஜின் ஆயிலையும் அரை லிட்டர் ஊற்றிக்கொண்டு ஓட்டலாம். தவறான ஆயில் அரை லிட்டரால் வரும் கெடுதலைவிட, குறைந்த ஆயிலோடு 100 கி.மீ. ஓட்டினால் செயினுக்கு வரும் கெடுதல் பெரிது. வீடு வந்ததும் முழுவதையும் மாற்றிவிடுங்கள்.